ஒரு வாசல், ஒரு புள்ளி

"டப்பாவைக் குடுத்த, மூடி எங்கடா?" என்று சுகந்தி கேட்டாள்.

இளமாறன் அலுவலக லிஃப்டுக்குள் நின்றிருந்தான். அக்காவின் குரல் விட்டுவிட்டு வந்தது.

"எந்த மூடி?"

"எந்த மூடியா? போன வாரம் வத்தக்குழம்பு தின்னியே, அந்த டப்பா மூடி. நீலக் கலரு. மூடியில்லாத டப்பாவை வச்சு நான் என்ன பண்றது, தலையில கவுத்துக்கவா?"

"என் வீட்லதான் இருக்கும்க்கா. ஞாயித்துக்கிழமை கொண்டாரேன்."

"உன் ஞாயித்துக்கிழமை எந்தக் காலண்டர்ல இருக்குதோ! இங்க மழை புடிச்சுக்கிச்சுடா. வராந்தாவுல துணி கெடக்குது, வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். அக்காவும் தம்பியும் பேசிய கடைசிப் பேச்சு அது. வெளியே கடல் ஊருக்குள் வரத் தயாராகிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு நினைத்துப் பார்க்கையில், அன்றைக்கு அந்த ஊரில் நடந்த பேச்சுகளிலேயே அது ஒன்றுதான் உருப்படியான பேச்சு என்று இளமாறனுக்குத் தோன்றியது.

கடற்கரை உயிர்காப்பு ஆணையத்தில் திரையில் வரும் எல்லாவற்றுக்கும் தமிழ் எழுதுவது அவன் வேலை. பொத்தான்களின் பெயர்கள், எச்சரிக்கைகள், படகுகள் பேசும் வாக்கியங்கள். அதற்கு முன்பு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். அங்கே ஓர் எழுத்து தவறினால் சத்தம் போட ஆள் இருந்தது. ஆணையத்தில் யாரும் சத்தம் போடவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை.

பெரும்புயல்கள் அடுத்தடுத்து வந்த பிறகு, கடலோரத்தில் வசிக்கும் எல்லோருக்கும் அரசு ஒரு நாடிப்பட்டை கொடுத்திருந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். நாடி துடிக்கும்வரை அது, 'இவர் இருக்கிறார், இந்த வாசலில் இருக்கிறார்' என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு நாடிக்கு ஒரு புள்ளி. வெள்ளம் வந்தால் ஆளில்லாப் படகுகள் புள்ளிகளைத் தேடிப் போகும்.

யோசனை நல்ல யோசனைதான். நல்ல யோசனைகள் எல்லாம் ஒரு கூட்ட அறைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டியிருக்கிறது என்பதுதான் துரதிருஷ்டம்.

கோடிக்கணக்கான புள்ளிகளை ஒரு வலைப்பக்கத்து வரைபடத்தில் சிக்கலில்லாமல் காட்ட வேண்டும். அதற்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு இரண்டு வந்தன. இரண்டுக்கும் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். கோப்பில் தமிழ்ப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டதால் இளமாறன் ஒன்றுக்கு அன்னம் என்றும் மற்றதற்கு எறும்பு என்றும் பெயர் வைத்தான். அன்னம் வழுக்கிக்கொண்டு போகும். எறும்பு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சுமந்து வரும்.

அன்னத்தின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கும்போது ஒரு வரி அவனுக்கு விளங்கவில்லை. உணவுக்கூடத்தில் ஃபர்ஹானாவிடம் கேட்டான். அவள் வரைபடப் பிரிவின் பொறியாளர். தயிர்சாதத்தைக் கரண்டியால் குத்திக்கொண்டே பேசுவாள்.

"ஒரே எடத்துல நெறைய புள்ளி விழுந்தா எல்லாத்தையும் ஒண்ணாக்கிடும்ணா. கம்ப்யூட்டருக்கு வேலை கம்மி. அதனாலதான் அன்னம் அப்படி வழுக்குது."

"ஒரே எடத்துல எப்படிம்மா நெறைய பேரு இருப்பாங்க? ஒருத்தர் தலைமேல ஒருத்தரா நிப்பாங்க?"

"உங்க அக்கா எத்தனாவது மாடி?"

"ஏழு."

"ஆறாவது மாடிக்காரங்க தலைமேலதானே உங்க அக்கா நிக்கிறாங்க? வரைபடம் மேலேர்ந்து பாக்குது. அதுக்கு மாடி தெரியாது. அது பத்தாதுன்னு, பட்டையில வேற புள்ளியக் கட்டட வாசலோட கட்டிட்டாங்க. பேட்டரி மிச்சமாம். அங்க பதினாலு மாடிக்கும் ஒரே வாசல். அப்ப ஒரே புள்ளி."

"எறும்புல?"

"எறும்பு அத்தனையும் வைக்கும். எடம் இல்லைன்னா தள்ளித் தள்ளி, தேன்கூடு மாதிரி வைக்கும். லேட்டாகும். ஆனா வைக்கும்."

"அன்னத்துல இந்த ஒரு வரிய மாத்திட்டா?"

"மாத்தினா அன்னம் நொண்டும். அன்னத்தை வாங்கறதே அது நொண்டாதுங்கறதுக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவை மூடினாள்.

இளமாறன் இடத்துக்குத் திரும்பி எழுதினான்: 'ஒரே இடத்தில் விழும் புள்ளிகளை ஒன்றாக்கு: ஆம்.' பிழையில்லாத வாக்கியம்.

அக்கா குடியிருந்த நாணல்பட்டில் அத்தனை பேர் ஒரே வாசலுக்குள் வந்தது அவர்கள் ஆசைப்பட்டு அல்ல. ஆற்றங்கரையில் ஆளுக்கொரு வாசலோடுதான் இருந்தார்கள். கரையை அழகுபடுத்த வேண்டும் என்று ஒரு அரசு முடிவெடுத்து, அவர்களை லாரியில் ஏற்றிச் சதுப்புநிலத்தில் கொண்டுபோய் அடுக்கியது. சுகந்தி அதை, "எங்கள ஊறுகா பாட்டில்ல போட்டு அமுக்கி வச்சிருக்கானுங்க" என்பாள். தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். லிஃப்ட் ஓடாத நாட்களில் ஏழு மாடி ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒருத்தரையாவது திட்டிவிட்டுத்தான் மேலே போவாள். திட்டு வாங்காத வீடுகள், உடம்பு சரியில்லையோ என்று வந்து விசாரிக்கும்.

தேர்வுக் கூட்டம் நடந்த அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. இயக்குநர் ஆதிகேசவன் சந்தன வாசனையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். அன்னத்தை நிறுவித் தரும் கம்பெனியிலிருந்து கிஷோர் என்பவன் வந்திருந்தான். கோட்டு போட்டிருந்தான். சென்னையில் சித்திரை மாதத்தில் கோட்டு போடுகிறவனிடம் எதை வாங்கினாலும் யோசித்து வாங்க வேண்டும் என்று இளமாறன் நினைத்துக்கொண்டான்.

"சார், இது பழவேற்காடு." கிஷோர் விரலைச் சுழற்றினான். கடற்கரை முழுவதும் வெண்ணெய்போல வழுக்கி ஓடியது. "இது கன்னியாகுமரி."

"இன்னொரு தடவை போங்க" என்றார் ஆதிகேசவன்.

ராட்டினத்தில் ஏறிய குழந்தைபோல அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கடலோரத்தின் அத்தனை உயிர்களும் அவர் முகத்தின் மீது பச்சையும் சிவப்புமாக ஓடின.

பிறகு ஃபர்ஹானா எறும்பைக் காட்டினாள். நாணல்பட்டுக்குப் போனாள். திரை சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மெல்ல மெல்ல அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஒரு கூடு கட்டப்பட்டது. அந்தக் குவியலில் தன் அக்கா எது என்று இளமாறன் தேடினான்.

ஆதிகேசவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, கோலம் போடறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் இயக்குநரின் நகைச்சுவை தோற்றதே கிடையாது.

"அங்க அவ்வளவு பேர் இருக்காங்க சார். அதான் நேரமாகுது."

"கிஷோர், அதே எடத்தை நீங்க காட்டுங்க."

அன்னம் ஒரு நொடியில் காட்டியது. ஒரே ஒரு புள்ளி, உருண்டையாக, சுத்தமாக.

"பாத்தியா? எவ்ளோ நீட்டா இருக்கு."

"நீட்டா இருக்கு சார். ஆளுங்கதான் இல்ல."

"எத்தனை பேருன்னு தெரியணும்னா புள்ளியத் தொட்டா வருமில்ல?"

"நாம தொட்டா வரும் சார். படகு தொடாது. திரைக்கு வேணா அன்னம் இருக்கட்டும். படகுக்கு நேரா முழுக் கணக்கைக் குடுத்துடலாம்."

ஆதிகேசவன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சாய்ந்தால் ஒரு கொள்கை பிறக்கப்போகிறது என்று பொருள். "நான் பாக்கறது ஒண்ணு, படகு பாக்கறது ஒண்ணா? நாளைக்கு எவனாவது கேட்டா எந்தக் கணக்கைக் காட்டுவேன்? நான் பாக்கறதைத்தான் படகும் பாக்கணும். இதுக்குப் பேருதான்மா வெளிப்படைத்தன்மை."

கிஷோர் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டான். பிற்பாடு அது ஆணையத்தின் நுழைவாயிலில் பித்தளை எழுத்தில் வந்தது. மொழிநடை சரிபார்த்துத் தரும்படி இளமாறனிடம்தான் கேட்டார்கள்.

அந்த அறையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் அவர்கள் மேல் கொஞ்சமாவது மரியாதை வந்திருக்கும். அவர்களுக்குத் திரை நடுங்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் நடுங்கினால் அது அடுத்த கூட்டத்துக்கான விஷயம்.

மூடியைப் பற்றி அக்கா பேசிய அன்று பிற்பகல், கடல் சதுப்புநிலத்தைத் தாண்டி உள்ளே வந்தது. தொலைபேசிகள் செத்தன. நாடிப்பட்டைகள் மட்டும் உயிரோடு இருந்தன. எச்சரிக்கை வாசகங்கள் எழுதுவதற்காக இளமாறனும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தான். பெருந்திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அமைச்சர் நாட்டின் தலைநகரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இளமாறன் நாணல்பட்டைத் தேடினான். அக்காவின் எஃப் பிளாக். ஒரு சிவப்புப் புள்ளி.

சாலைக்கு எதிர்ப்புறம் நெய்தல் அவென்யூ என்ற பங்களாக் குடியிருப்பு. வீட்டுக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு புள்ளி. உடைந்த மாலையின் மணிகள்போலத் திரையில் பரவிக் கிடந்தன. பேருந்து அளவுப் படகுகள் எல்லாம் வரிசையாக அங்கே போய்க்கொண்டிருந்தன. கேமரா வழியே தெரிந்தது: ஒரு படகில் ஒரு கணவனும் மனைவியும், நான்கு பெட்டிகளும், ஸ்வெட்டர் போட்ட ஒரு நாயும்.

எஃப் பிளாக்குக்கும் ஒரு படகு போயிருந்தது. ஒரு புள்ளிக்கு ஏற்ற படகு. ஒரே ஒரு இருக்கை கொண்டது.

"ஃபர்ஹானா, அந்த வரி" என்றான் இளமாறன்.

அவள் ஏற்கெனவே அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினாள்.

பெருந்திரை தடுமாறியது. கடற்கரை பாதியில் நின்றது. மூலையில் இருந்த அமைச்சர் வாயைத் திறந்தபடி உறைந்தார். நாணல்பட்டில் மட்டும் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கின. நெய்தல் அவென்யூவின் வாசலில் காத்திருந்த பெரிய படகு ஒன்று மெல்ல மூக்கைத் திருப்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் மூன்றாவது. தண்ணீரில் வளைந்த கோடுகள் விழுந்தன.

"எவன்யா கைவச்சது?" ஆதிகேசவன் எழுந்துவிட்டார்.

"சார், படகு திரும்புது சார்! பாருங்க. அங்க எங்க அக்கா இருக்கு. அத்தனை பேர் இருக்காங்க சார்."

"யோவ், அமைச்சர் நின்னுட்டாருய்யா! வாயைத் தொறந்துட்டு நிக்கிறாரு!"

"ரெண்டு நிமிஷம் சார். திரை வந்துடும்" என்றாள் ஃபர்ஹானா.

"கிஷோர், பழையபடி மாத்து. இந்தப் பொண்ணை வெளிய அனுப்பு."

கிஷோர் மாற்றினான். கடற்கரை மறுபடி வழுக்கியது. அமைச்சர் வாயை மூடினார். முளைத்த புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒடுங்கி உருண்டைப் புள்ளியாயின. நாணல்பட்டை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்த மூன்று படகுகளும் நின்றன. யோசிப்பதுபோலச் சற்று மிதந்தன. பிறகு வந்த வழியே திரும்பின.

சற்று நேரத்தில் எஃப் பிளாக்கின் சிவப்புப் புள்ளி பச்சையானது. ஒற்றை இருக்கைப் படகில் யாரோ ஒருவர் ஏறிவிட்டார். ஒன்றான புள்ளிக்கு நிறமும் ஒன்றுதான். கீழே எழுத்துகள் ஓடின: 'நாணல்பட்டு எஃப் பிளாக்: அனைவரும் மீட்கப்பட்டனர்.' அந்த வாக்கியமும் இளமாறன் எழுதியதுதான். அறையில் யாரோ கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அவன் மீனவர்களின் ஃபைபர் படகு ஒன்றில் தொற்றிக்கொண்டு போனபோது எஃப் பிளாக் அங்கே இல்லை. சதுப்பு அதைக் கீழே இருந்து கரைத்திருந்தது. மேல்மாடிகள் சிலவற்றின் சிமெண்டுப் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. மீனவர்கள் சிலரை இழுத்துப் போட்டார்கள். அவர்களில் சுகந்தி இல்லை.

பள்ளிக்கூடத்து முகாமில் ரோஸ்லின்தான் அவனை அடையாளம் கண்டாள். ஒன்பதாவது மாடிக்காரி, நிறைமாதம். வகுப்பறைப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சுகந்தியக்கா தம்பிதானே? மூக்கு அப்படியே இருக்கு."

அவன் தலையசைத்தான்.

"நாங்க எல்லாரும் மேல் மாடியில இருந்தோம்ணே. கீழ் மாடியெல்லாம் தண்ணி. படகு வருதுன்னு சத்தம் கேட்டதும் பசங்க கத்திக்கிட்டு ஓடினாங்க. எறங்கி வந்து பாத்தா பொம்மப் படகு மாதிரி ஒண்ணு. அது பேசுது: 'வணக்கம். ஒருவருக்கு மட்டுமே இடம் உண்டு. தயவுசெய்து அமைதியாக ஏறி அமரவும்.' எங்களுக்கு ஒண்ணுமே புரியல. உங்க அக்கா மட்டும் சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"ஆமாண்ணே, வயித்தப் புடிச்சுக்கிட்டு. 'இது என் தம்பி எழுதினதுடி. கண்டிப்பா அவன்தான். சாகப்போற நேரத்துலயும் வணக்கம் வப்பான், லூசுப் பய'ன்னாங்க."

இளமாறன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரு ஏறப் பாத்தாங்க. அக்கா அவங்களப் புடிச்சு ஒரு திட்டு திட்டினாங்க பாருங்க, அதை இங்க சொல்ல முடியாது. என்னைத் தூக்கிப் படகுல வச்சாங்க. 'போடி, இது போய்ட்டுப் பெரிய படகா வரும். அரசாங்கத்துக்கு என்ன கண்ணா தெரியாது?'ன்னாங்க. எல்லாரும் நம்பினோம்ணே. மாடியில விளக்குக் காட்டிக்கிட்டே இருந்தாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்கு அர்த்தம் தெரியல. 'அவனைப் பாத்தா மூடி எங்கன்னு கேளு'ன்னாங்க."

விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, ஒரே வாசலில் அளவுக்கு அதிகமானோர் வசித்ததே துயரத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தது. அவர்களை அங்கே அடுக்கியது யார் என்பது குழுவின் வரம்புக்குள் வரவில்லை. அனுமதியில்லாமல் அமைப்பை மாற்றி, முக்கியமான தருணத்தில் திரையை நிறுத்தியதற்காக ஃபர்ஹானா வேலையை இழந்தாள். ஆதிகேசவன் பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குப் போனார். நேருக்கு நேர் கண்டபோது அவர் இளமாறனின் தோளைத் தட்டி, "உன் இழப்பு எனக்கும் இழப்புதான்பா" என்றார். அவர் கையில் சந்தன வாசனை அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய் இளமாறன் சட்டையைத் துவைக்கப் போட்டான்.

அவனும் ராஜினாமா செய்தான். ஃபர்ஹானா மட்டும் அவ்வப்போது பேசுவாள். "நான் அந்த ரெண்டு நிமிஷம் கதவைப் பூட்டியிருக்கணும்ணா" என்பாள். "நீ ஒருத்திதாம்மா அந்த ரூம்ல மனுஷி" என்பான் அவன்.

முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு அரசாங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இறந்தவர்களுக்கு ஒளி வரைபடம் ஒன்று திறக்கிறார்களாம். ஓர் உயிருக்கு ஒரு வெண்சுடர். போகவேண்டாம் என்றுதான் இருந்தான். ரோஸ்லின் போன் செய்து, "வாங்கண்ணே, பாப்பாவுக்கு உங்க அக்கா பேரக் காட்டணும்" என்றாள். அவள் மகளுக்குச் சுகந்தி என்று பெயர் வைத்திருந்தாள்.

அரங்கத்தில் பழைய சுவர்த்திரையைவிடப் பெரிய திரை. விளக்குகள் அணைந்தன. கடற்கரை நெடுகிலும் வெண்சுடர்கள் மினுங்க, வரைபடம் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு வழுக்கிக்கொண்டு போனது. துளிகூட நடுங்கவில்லை. அந்த வழுக்கலை இளமாறனுக்குத் தெரியும். முன்வரிசையில் கோட்டு போட்ட ஒருவன் எழுந்து நின்று கும்பிட்டான். கிஷோர்.

பேச்சுகள் முடிந்ததும் குடும்பத்தாரை மேடைப் பக்கத்துச் சிறிய திரைகளில் தொட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். ரோஸ்லின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாணல்பட்டைத் தேடினாள்.

நெய்தல் அவென்யூவில் ஒரு சுடர்கூட இல்லை. அதற்கு எதிரே ஒரே ஒரு சுடர் எரிந்தது.

அவள் தொட்டாள். ஒரு பெயர் வந்தது: அஞ்சலை, பதினோராவது மாடி. அகரவரிசையில் முதலில் நின்ற பெயர்.

"மத்தவங்க எங்கண்ணே?" என்றாள். "அக்கா எங்க? சேகர் மாமா எங்க? அந்தப் பசங்க எங்க?"

கிஷோர் ஓடிவந்தான். அவனுக்கு இளமாறனை நினைவில்லை. "சூம் பண்ணிப் பாருங்க மேடம். கிட்டப் போனா எல்லாம் தனித்தனியா வரும்."

ரோஸ்லின் இளமாறனைப் பார்த்தாள். அவன் முன்னால் வந்து இரண்டு விரல்களைத் திரையில் வைத்து விரித்தான். ஊர் பெரிதானது. மறுபடி விரித்தான். தெரு வந்தது. கட்டடம் இருந்த இடத்தின் செவ்வகம் வந்தது. மறுபடி விரித்தான். இப்போது இல்லாத அந்த வாசல் திரையை நிறைத்தது. குழந்தை கையை நீட்டிச் சுடரைப் பிடிக்கப் பார்த்தது. அவன் இன்னும் விரித்தான், அதற்குமேல் விரியாது என்று திரை நிற்கும்வரை.

ஒரு புள்ளியாகவே இருந்தது.